ஐநூறு வேர்க்கடலை

"...அடுத்த வீட்டுல அடுப்பு எரியலன்னு இவனுக்குத் தெரியுது. புகை வரல. பாத்திரம் உருட்டற சத்தம் இல்ல. புள்ளைங்க வெளிய விளையாட வரல. எல்லாம் தெரிஞ்சும் வாயத் தொறக்காம உக்காந்துகினு இருந்தான். அது எப்படிடா ஒரு மனுஷனால முடியும்?" என்று கேட்டுவிட்டு அத்தை வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்.

எப்போதும் டெஸ்க்கைக் காம்பஸால் சுரண்டிக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். சரித்திரம் என்றால் ராஜா பட்டமேற்பார், சண்டை போடுவார், செத்துப்போவார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, சீனா என்கிற ஒரு நாடே விளைச்சல் அமோகம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டே பட்டினியில் செத்தது என்பது நெஞ்சில் இடித்தது. அதுவும் ராஜா காலத்தில் இல்லை. எங்கள் தாத்தாக்கள் தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் சீனாவுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரைப் பக்கம். புரட்சி ஒரு பாரா, நிலப் பங்கீடு ஒரு பாரா, அப்புறம் நேராகத் தொழிற்சாலைப் படம். மற்ற மிஸ்கள் அதை அரை பீரியடில் முடித்துவிட்டுக் கேள்வி பதில் எழுதிப் போடுவார்கள். அத்தை நாலு நாள் எடுத்துக்கொண்டார். "நூறு கோடிப் பேர் கதைய ஒன்றரைப் பக்கத்துல படிச்சிட்டுப் போனா, அப்புறம் நம்ம கதைய ஒரு வரியில எழுதுவானுங்க. அப்ப கோச்சிக்கக் கூடாது" என்பார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், ஊரிகத்தில், மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் மிஸ், வீட்டில் அத்தை. இரண்டுக்கும் நடுவே ரோட்டில் என்ன கூப்பிடுவது என்று தெரியாமல் நான் அந்தத் தூரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நடப்பேன். என் வாய் மூடியிருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வாள். அத்தையைப் பற்றி அம்மாவுக்கு வேறொரு வாசகம் உண்டு: "உங்க அத்தை உப்புமா கிண்டுனாலும் அதுல ஒரு பாடம் வெச்சிருப்பாங்க. கடுகு மாதிரி பல்லுல மாட்டும்."

பாடம் அப்படித்தான் மாட்டியது. கம்யூன் என்றால் என்ன மிஸ் என்று ஒருவன் கேட்டதற்கு, "நம்ம லைன் வூடு மாதிரி வெச்சிக்க. ஆனா லைனுக்கே ஒரே சமையக்கட்டு. உங்கம்மா தனியா கொழம்பு வெக்கக் கூடாது" என்றார். இரும்பு உற்பத்தியைக் காட்டவேண்டும் என்று ஊர் ஊராகக் கொல்லையில் உலை போட்டு, வீட்டுச் சட்டி, வாணலி, கலப்பை எல்லாவற்றையும் அதில் உருக்கினார்கள், கடைசியில் வந்த இரும்பு ஒன்றுக்கும் உதவவில்லை என்று சொன்னபோது, முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "எங்கம்மா தோசக்கல்லத் தரவே மாட்டாங்க மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. "தரலன்னா உங்கம்மாவக் கூட்டத்துல நிக்க வெச்சி திட்டுவாங்க. அடிப்பாங்க. அப்ப?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நாலு நாளும் இப்படித்தான், சிரிக்க வாயைத் திறந்தால் உள்ளே எதையாவது போட்டு மூடிவிடுவார். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் அரசாங்கத் தொழிற்சாலைகளை மூடி, வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று சொன்னார். மைன்ஸ் மூடிய ஊரில் பிறந்த பிள்ளைகள் நாங்கள். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனோம்.

இப்போது ஸ்டெல்லாவைச் சொல்லவேண்டும். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள். நான் ஒரு நாளைக்குப் பேசுவதை அவள் ஒரு மாதத்துக்கு வைத்துப் பேசுவாள். எங்கள் இருவர் சாப்பாட்டு டப்பாவும் ஒரே மாதிரி. இரண்டும் ஆண்டர்சன்பேட்டையில் ஒரே கடையில் வாங்கியவை. "இந்த டப்பா உன் கல்யாணத்துக்கு அப்புறமும் ஒழைக்கும்மா" என்று சொல்லி விற்றார் கடைக்காரர். உண்மையாகவே உழைத்தது, இன்றும் என்னிடம் இருக்கிறது.

தசரா லீவுக்கு முன்னால் ஒரு நாள் டப்பா மாறிவிட்டது. என்னுடையது என்று நினைத்து அவளுடையதைத் திறந்தேன். உள்ளே சோறு இல்லை. ஒரு ஸ்பூன், அது உருண்டு சத்தம் போடாமல் இருக்க மடித்து வைத்த ஒரு ஈரக் கைக்குட்டை. அவ்வளவுதான். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஸ்டெல்லா மூடியைப் பிடுங்கி மூடிவிட்டாள்.

அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். காலையில் கஞ்சி, ராத்திரியில் இருந்தால் சோறு. எங்களுடையது ஃபீஸ் கட்டிப் படிக்கிற ஸ்கூல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கவர்மென்ட் ஸ்கூல் மாதிரி மத்தியானச் சோறெல்லாம் கிடையாது. ஆனால் ஃபீஸ் கன்செஷன் பிள்ளைகளுக்கு ஸ்கூலிலேயே சாப்பாடு போடுகிறார்கள், வாங்கித் தின்ன டப்பா கொண்டுபோகணும் என்று தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஸ்கூலில் எங்களிடம், வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தாள். மத்தியான பெல் அடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று பக்கத்து சர்ச் காம்பவுண்டுக்குப் போய்விடுவாள். அங்கே குழாய் இருந்தது. "அந்தப் பொண்ணுக்கு இருக்கற பக்தி உங்களுக்கெல்லாம் எங்கடி" என்று கணக்கு மிஸ் எங்களைத் திட்டுவார்.

அன்று நான் என் டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன். ஸ்டெல்லா அதைத் திருப்பித் தள்ளினாள்.

"நான் இன்னா பிச்சக்காரியா?"

"இல்லடி, பாதி..."

"யாராண்டனா சொன்ன, நாளைக்கே ஸ்கூல் நின்னுடுவேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் சொன்னால் செய்கிறவள். நின்றுவிட்டால் அடுத்த வாரமே வீட்டு வேலைக்குப் போயிருப்பாள், எங்கள் லைனிலேயே அப்படிப் போனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆகவே சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஓட்டை வாய் என்று ஊரே பெயர் வைத்திருந்த நான் ஒரே ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. கிறிஸ்மஸ் வந்தது, பொங்கல் வந்தது, ஸ்டெல்லா தினமும் ஜெபம் பண்ணினாள், நான் தினமும் சாப்பிட்டேன்.

அடுத்த வீட்டு அடுப்பு பற்றி அத்தை கேட்ட மறுநாள், சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில், ஒரு முறம் நிறைய வறுத்த வேர்க்கடலையோடு உள்ளே வந்தார். ஒவ்வொரு பெஞ்சும் ஒரு கிராமம், இதுதான் இந்த வருஷத்து விளைச்சல் என்று பெஞ்சுக்கு ஒரு கைப்பிடி வைத்தார். கிராமத்துத் தலைவர் எழுந்து தன் ஊர் விளைச்சல் எவ்வளவு என்று அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டும். அரசாங்கம் அத்தை. அதிகம் விளைந்த ஊருக்குச் சிவப்புக் கொடி, தலைவருக்கு மிஸ் நாற்காலியில் உட்காரும் உரிமை.

எங்கள் பெஞ்சுத் தலைவி நான்தான். வேறு யாராக இருக்கமுடியும்.

இங்கே எங்கள் ஊர்ப் புத்தியைச் சொல்லியாகவேண்டும். நாங்கள் யார் யார் எந்தப் பேட்டையோ அந்தப் பேட்டைக்காரர்களோடுதான் உட்காருவோம். சாம்பியன் பேட்டைப் பையன்கள் ஒரு பெஞ்சு, மாரிக்குப்பம் ஒரு பெஞ்சு, ஊரிகம் பெண்கள் ஒரு பெஞ்சு. யார் தாத்தா இறங்கிய ஷாஃப்ட் ஆழம் என்பதில் தினமும் தகராறு. ஒருவரும் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் கால் வைத்ததில்லை. எல்லா ஷாஃப்டிலும் தண்ணீர் நிரம்பி வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ஆழத்தில் தோற்கமாட்டோம். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் போய், யார் ஊரில் அதிகம் என்று கேட்டால் என்ன ஆகும்?

மாரிக்குப்பத்துப் பையன் ஒருவன், பாவம், எண்ணிப் பார்த்துவிட்டு, "இருவத்திரெண்டு மிஸ்" என்றான். "இன்னாடா, எலி தின்னது போக மீதியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே அவனைப் பார்த்துச் சிரித்தது. சாம்பியன் பெஞ்சு எழுந்தது.

"நூறு."

அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போர்டில் நூறு என்று எழுதினார். நான் எழுந்தேன். எங்கள் முன்னால் இருந்தது இருபதோ என்னவோ, அதிலும் நாலை நான் ஏற்கெனவே தின்றிருந்தேன்.

"ஊரிகம், ஐநூறு" என்றேன்.

கைதட்டல். கொடி வந்தது. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சாம்பியன் பையன்கள் மிகச் சின்னதாகத் தெரிந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் அத்தை. "இப்ப டவுனுக்கு நெல்லு வேணும். அரசாங்கத்துப் பங்கு பத்துக்கு மூணு. மாரிக்குப்பம், ஏழு குடு. மீதிய நீங்களே வெச்சிக்கோங்க. சாம்பியன், முப்பது. ஊரிகம், நூத்தியம்பது."

மாரிக்குப்பத்தான் ஏழு கடலையை எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொறிக்க ஆரம்பித்தான். சாம்பியன் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினேன்.

"இல்ல மிஸ், அவ்ளோ இல்ல."

"ஐநூறுன்னு சொன்னியேம்மா. அரசாங்கம் உன் வார்த்தைய நம்புச்சி. கடலை இல்லன்னா வேற இன்னா இருக்கோ அத எடுத்துக்கறோம். சாப்பாட்டு டப்பாவ எல்லாம் டெஸ்க் மேல வைங்க."

விளையாட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அத்தை முதல் டப்பாவைக் கையில் எடுக்கும்வரை. டப்பாவைத் திறப்பார், உள்ளே இருப்பதை உரக்கச் சொல்வார், போர்டில் எழுதுவார், டப்பாவை மேஜைமேல் வைத்துவிடுவார். "சப்பாத்தி, ரெண்டு. உருளக்கெழங்கு." "புளிசாதம், அவிச்ச முட்ட." முட்டைக்குச் சொந்தக்காரன் மூஞ்சி தொங்கிவிட்டது. ஒருவன் தன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அத்தை அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அப்படியொரு அத்தையை நான் பார்த்ததில்லை. கதவு பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து எங்கள் பெஞ்சு. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டெஸ்க் மேல் இருந்த தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி வெளுத்திருந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணால், நாலு மாதம் நான் கட்டிக்காத்தது இன்னும் ரெண்டு நிமிஷத்தில் நாற்பது பேர் முன்னால் திறக்கப்போகிறது என்று புரிந்தது.

"மிஸ்" என்று எழுந்துவிட்டேன். "ஐநூறு பொய் மிஸ். இருவதுதான். நான்தான் சும்மா சொன்னேன். எங்க பெஞ்ச விட்டுடுங்க மிஸ்."

அத்தை முகம் மலர்ந்தது. அவர் காத்திருந்த பதில் அது. "பாத்தீங்களா? இப்ப ஒத்துக்கறாங்க. அங்கயும் இப்படித்தான் ஒத்துக்கிட்டாங்க, எல்லாம் கைமீறிப் போன அப்புறம்" என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டு, "உன் சோறு போவுதுன்ன உடனே உண்மை வருது பாத்தியா" என்று என் டப்பாவைத் திறந்தார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "தயிர்சாதம், மாங்கா ஊறுகா." அது அவருக்கே தெரிந்த விஷயம்தான். எங்கள் வீட்டில் காலையில் ஒரே குண்டான். அதிலிருந்து அப்பாவுக்கு, அத்தைக்கு, எனக்கு என்று மூன்று டப்பா. அப்பாவுடையது விடியற்கால ரயிலில் பெங்களூர் போகும். மற்ற இரண்டும் ஸ்கூலுக்கு.

பிறகு ஸ்டெல்லாவின் டப்பாவை எடுத்தார்.

எடுத்தபோதே கை சற்று நின்றது. இப்போது யோசித்தால், எடையே சொல்லியிருக்கும். மூடியைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டே, ஸ்டெல்லா எழுந்து ஓடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"தயிர்சாதம்" என்றது அத்தையின் குரல். "மாங்கா ஊறுகா."

கண்ணைத் திறந்தேன். டப்பாவை ஏற்கெனவே மூடியிருந்தார். போர்டுக்குப் போய், ஸ்டெல்லா பெயருக்கு நேரே எழுதினார். தயிர்சாதம். மாங்காய் ஊறுகாய். எங்கள் பக்கம் திரும்பாமல், எழுதின எழுத்தின்மேலேயே மறுபடியும் எழுதினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இல்லன்னா இல்லன்னு சொல்லு' என்று வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினவர், போர்டிலேயே, சாக்பீஸால், பொய் எழுதுகிறார். அதிலும் ஒரு கற்பனை இல்லை, என் டப்பாவில் இருந்ததையே திருப்பிச் சொல்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், அதனால் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று நினைத்தேன்.

இன்னும் நாலைந்து பெஞ்சு பாக்கி இருந்தது. "போதும்" என்றார் அத்தை. "எல்லாரும் அவங்கவங்க டப்பாவ எடுத்துக்கோங்க." பாடத்தின் முடிவை அவர் சொல்லவே இல்லை. ஏன் விளையாடினோம் என்றுகூடச் சொல்லவில்லை. பெல் அடித்ததும், "ஸ்டெல்லா, சீனா மேப்பச் சுருட்டிக்கினு ஸ்டாஃப் ரூமுக்கு வா. டப்பாவையும் எடுத்துக்கினு வா" என்று சொல்லிவிட்டு முறத்தோடு போய்விட்டார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாதி தின்று மூடினேன். அடுத்த பீரியட் ஆரம்பித்த பிறகுதான் ஸ்டெல்லா திரும்பி வந்தாள். "திட்டினாங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அவள் கையில் ஊறுகாய் வாசனை அடித்தது. அந்த வருஷம் முடியும்வரை அவள்தான் மேப் லீடர் என்று மறுநாளே அறிவிப்பு வந்தது. சரித்திர வகுப்பே இல்லாத நாளிலும் மத்தியானம் மேப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போவாள். சொந்தத் தம்பி மகள், இவ்வளவு சத்தமாகப் பேசத் தெரிந்தவள் நான் இருக்கும்போது அந்தப் பதவி அவளுக்குப் போனதில் எனக்கு மாதக்கணக்கில் வயிற்றெரிச்சல். ஸ்டெல்லா ஸ்கூலை நிறுத்தவில்லை. பத்தாவதோடு நின்றது நான்தான். மீதியை இப்போது பெங்களூர் போகும் ரயிலில், கூட்டத்தில் இடம் கிடைத்த நாளில் படித்துக்கொண்டிருக்கிறேன். சீனாவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தாகிவிட்டது. அது எப்படி ஒரு மனுஷனால முடியும் என்று அத்தை கேட்ட கேள்விக்கு மட்டும் எதிலும் பதில் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம், ஸ்கூல் பையைக் கழற்றக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். அம்மா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்து கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்களே பொய் சொல்றீங்களே. ஸ்டெல்லா டப்பால ஒண்ணுமே இல்ல."

அத்தை நிமிர்ந்தார். "நீ எங்க பாத்த? நான் உடனே மூடிட்டனே."

"இன்னிக்கிப் பாக்கல. எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்பலருந்து?"

"தசராவுக்கு முன்னாடிலருந்து."

கணக்குப் போடுவதுபோல அவர் உதடு அசைந்தது. மாதங்களை எண்ணினார் போல.

"தினமுமா?"

"தினமும் ஒண்ணும் இருக்காது அத்தை. கைக்குட்ட மட்டும் இருக்கும். யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. நான் சொல்லவே இல்ல" என்றேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். உனக்குக்கூட வாயை மூடத் தெரிந்திருக்கிறதே என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அடுத்த வீட்டு அடுப்பைப் பற்றி அவர் கேட்டபோது வகுப்பில் எங்கள் முகம் எப்படிப் போயிற்றோ, அந்த மாதிரி ஆகியிருந்தது அவர் முகம். முதல்முறையாக என்னைப் பார்ப்பவர்போல.

"உன் டப்பாவ எடு" என்றார்.

எனக்குப் பகீரென்றது. மீதிச் சோற்றைத் தினமும் வழியில் கோழிகளுக்குக் கொட்டிவிட்டுத்தான் வருவேன், அம்மாவுக்குத் தெரியாமல். அன்று பயத்தில் மறந்துபோயிருந்தது. பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அடி விழும் என்று ஒரு அடி தள்ளியே நின்றேன்.

அத்தை திறந்தார். பாதிச் சோறு, தண்ணீர் விட்டுப் புளித்துப்போய், ஊறுகாய்ச் சிவப்பு ஒரு ஓரமாகப் பரவிக் கிடந்தது. கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. அப்படியே கையை உள்ளே விட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். மெதுவாக, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டு. புளிப்பு வாசனை எனக்கே எட்டியது. மத்தியானம் இதே சோற்றை இவரும்தானே கொண்டுபோனார், அதற்குள் இவ்வளவு பசியா என்று ஆச்சரியமாக இருந்தது. நல்லவேளை, சோற்றை வீணாக்கினதற்குத் திட்டவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது.

டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி அத்தை அதையும் குடித்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மூலையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.